பேச ஆள் வேண்டும்: இணையவழி மொழிப் பயிற்சிக் குழுவில் சேர்வோருக்கு ஒரு வழிகாட்டி

குமரி மாவட்டத்தில் கேரள எல்லையை ஒட்டிய களியக்காவிளைச் சந்தைக்கு மீன் வாங்கப் போகிறவர்கள் மலையாளம் படித்துவிட்டுப் போவதில்லை. விலை கேட்கும்போது ஒரு சொல், பேரம் பேசும்போது ஒரு சொல், திரும்பி வரும் பேருந்தில் பக்கத்தில் அமர்ந்தவரிடம் ஊர் விசாரிக்கும்போது ஒரு சொல் என்று காதில் விழுந்தது நாவில் ஏறி, சில ஆண்டுகளில் அந்த மொழி நமக்குப் பழகிவிடுகிறது. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து சென்னை மாநிலத்தோடு இணைந்தன. அதன் பிறகும் எல்லையின் இரு பக்கத்தாரும் ஒருவர் மொழியை ஒருவர் கைவிடவில்லை. என் தாயார் மலையாளத்தை எந்தப் பள்ளியிலும் கற்றவரல்லர். இருந்தும் நெய்யாற்றின்கரையிலிருந்து வரும் உறவினரோடு மணிக்கணக்கில் அம்மொழியில் பேசிக்கொண்டிருப்பார்.

ஜெர்மன் மொழியோ ஜப்பானிய மொழியோ கற்க விரும்பும் நம் பிள்ளைகளுக்கு இந்த வசதி இல்லை. செவிலியர் படிப்பை முடித்துவிட்டு ஜெர்மனிக்குச் செல்ல முயலும் ஒரு பெண், நாகர்கோவிலில் வகுப்பு முடிந்து கருங்கலுக்குப் பேருந்து ஏறினால், மறுநாள் காலை மீண்டும் வகுப்பறைக்குள் நுழையும் வரை அந்த மொழியில் ஒரு வாக்கியம் பேச ஆளில்லாமல் இருக்கிறாள். இலக்கணம் புத்தகத்தில் கிடைக்கும், சொற்பொருள் அகராதியில் கிடைக்கும், ஆனால் மறுமொழி சொல்லும் மனிதர் கிடைக்க வேண்டுமே. தக்கலைக்கு அருகிலிருந்து ஐந்து பேர் கொண்ட ஒரு ஜெர்மன் பயிற்சிக் குழுவை நான் இரண்டு ஆண்டுகளாக ஒருங்கிணைத்து வருகிறேன். அந்தப் பழக்கத்தில் கற்றதையே இங்கே எழுதுகிறேன். எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் ஜெர்மன் மொழி சார்ந்தவையாக இருந்தாலும், வழிமுறை எந்த மொழிக்கும் பொருந்தும்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். குழுவில் சேர்வதன் பயன், குறித்த நாளில் குறித்த நேரத்தில் உங்கள் குரலுக்காக ஒருவர் காத்திருக்கிறார் என்பதுதான். பாடக் குறிப்புகளும் காணொளிகளும் குழுவில் சேராமலேயே வேண்டிய அளவு கிடைக்கின்றன. ஆகவே ஒரு குழுவைப் பார்க்கும்போது, அதில் எத்தனை கோப்புகள் இருக்கின்றன என்று பார்க்காதீர்கள். இந்த வாரத்தில் நான் அதில் எத்தனை நிமிடம் வாய் திறந்து பேசுவேன் என்று கேட்டுப் பாருங்கள்.

சேர்வதற்கு முன்

உங்கள் நிலையை நேர்மையாக அறிந்துகொள்ளுங்கள். ஐரோப்பிய மொழிகளுக்கு ஏ1 முதல் சி2 வரை ஆறு நிலைகள் உள்ளன. ஐரோப்பிய மன்றம் 2001இல் வெளியிட்ட இந்த அளவுகோலைத்தான் வகுப்புகளும் தேர்வுகளும் குழுக்களும் பின்பற்றுகின்றன. ஏ1 என்பது தன்னை அறிமுகம் செய்துகொண்டு எளிய தேவைகளைச் சொல்லும் நிலை. பி1 என்பது அன்றாட வாழ்வின் பெரும்பாலான சூழல்களைச் சமாளிக்கும் நிலை. ஜெர்மனியில் செவிலியராக அங்கீகாரம் பெறப் பொதுவாக பி2 கேட்கிறார்கள். ஜப்பானிய மொழிக்கு என்5 தொடங்கி என்1 வரை ஐந்து படிகள் உண்டு, அதில் என்5 தான் தொடக்கப்படி. உங்கள் நிலையைவிட இரண்டு படி மேலே உள்ள குழுவில் சேர்ந்தால் வாய் திறக்க மாட்டீர்கள். இரண்டு படி கீழே உள்ள குழுவில் சேர்ந்தால் சில வாரங்களில் சலித்துவிடும்.

அடுத்ததாக, எதற்காகப் பேசிப் பழகுகிறீர்கள் என்பதை முடிவு செய்யுங்கள். ஒவ்வொரு தேர்வும் பேச்சைச் சோதிக்கும் விதம் வேறாக இருப்பதால் இது முக்கியமானது. ஜெர்மன் மொழித் தேர்வுகளை நடத்தும் கோத்தே நிறுவனத்தின் பி1 தேர்வில் வாசித்தல், கேட்டல், எழுதுதல், பேசுதல் என்று நான்கு பகுதிகள் உள்ளன. ஒவ்வொன்றிலும் நூற்றுக்கு 60 மதிப்பெண் பெற வேண்டும். அதன் பேச்சுப் பகுதியில் தேர்வர்கள் பெரும்பாலும் இருவராக அமர்கிறார்கள். முதலில் இருவரும் சேர்ந்து ஒரு நிகழ்ச்சியைத் திட்டமிட வேண்டும், பிறகு ஒரு தலைப்பில் ஒருவர் சிற்றுரை ஆற்ற வேண்டும், அதன்பின் மற்றவர் அந்த உரையைப் பற்றிக் கருத்துச் சொல்லிக் கேள்வி கேட்க வேண்டும். கண்ணாடி முன் நின்று தனியாகப் பயிற்சி செய்தவர் எதிரில் இருப்பவர் எதிர்பாராத யோசனை ஒன்றைச் சொன்னதும் திகைத்துப்போவது இந்த முதல் பகுதியில்தான். மருத்துவத் துறையினருக்கான ஓஇடி ஆங்கிலத் தேர்விலோ இரண்டு உரையாடல்கள் நடத்தப்படுகின்றன. நோயாளியாகவோ நோயாளியின் உறவினராகவோ ஒருவர் பேசுவார், நீங்கள் செவிலியராகவோ மருத்துவராகவோ பேச வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஆயத்தமாக மூன்று நிமிடமும் பேசச் சுமார் ஐந்து நிமிடமும் தரப்படும். ஜூலையிலும் டிசம்பரிலும் நடக்கும் ஜப்பானிய ஜேஎல்பிடி தேர்வில் பேச்சுப் பகுதியே கிடையாது. ஆகவே அதற்குப் படிப்பவர்கள், தேர்வில் இல்லை என்று பேச்சை விட்டுவிட்டு, வேலைக்கான நேர்காணலில் திணறுகிறார்கள். அவர்களுக்குத்தான் குழு மிகுதியும் தேவைப்படுகிறது.

எங்கே தேடுவது

குழுக்கள் பல வடிவங்களில் உள்ளன. டேண்டம், ஹலோடாக் போன்ற செயலிகள் இருவரை இணைத்துவைப்பவை. நீங்கள் அவருக்கு உங்கள் மொழியைத் தருகிறீர்கள், அவர் உங்களுக்குத் தம் மொழியைத் தருகிறார். ஹலோடாக்கில் நீங்கள் எழுதிய வாக்கியத்தை மறுபக்கத்தில் இருப்பவர் திருத்தி அனுப்பும் வசதி இருப்பதால் தொடக்கநிலையில் உள்ளவர்களுக்கு அது பெரிதும் உதவும். டெலிகிராமிலும் வாட்ஸ்அப்பிலும் பெரிய குழுக்கள் ஏராளம். அறிவிப்புகளைத் தெரிந்துகொள்ள அவை பயன்படும், பேசிப் பழக அவ்வளவாகப் பயன்படா. வாட்ஸ்அப் குழுவில் சேர்ந்தால் உங்கள் தொலைபேசி எண் குழுவில் உள்ள அறிமுகமற்றவர்களுக்கும் தெரியும் என்பதை நினைவில் வையுங்கள். டெலிகிராமில் எண்ணை மறைத்துவைக்கலாம்.

என் அனுபவத்தில் பேச்சுக்கு மிகவும் ஏற்றது டிஸ்கார்டு என்ற செயலியில் உள்ள குரல் அறை. யாரையும் அழைக்க வேண்டியதில்லை. அறை திறந்திருக்கும், உள்ளே நுழைந்தால் பேசிக்கொண்டிருப்பவர்களைக் கேட்கலாம், விரும்பினால் பேசலாம். திண்ணையில் நாலு பேர் பேசிக்கொண்டிருக்கும்போது வழியே போகிறவர் நின்று கேட்டுவிட்டுத் தாமும் அமர்வது போன்றது அது. படம் இல்லாமல் குரல் மட்டும் செல்வதால் தரவும் குறைவாகவே செலவாகும். பேச்சிப்பாறைப் பக்கம் வசிப்பவர்களுக்கும், கடற்கரை ஊர்களில் மழைக்காலத்தில் சிக்னல் தடுமாறுவதைக் கண்டவர்களுக்கும் இதன் அருமை புரியும்.

இருவர் தத்தம் மொழியை ஒருவருக்கொருவர் கற்றுத்தரும் இணைமொழிப் பரிமாற்றத்தில் நம்மவர்களுக்கு ஒரு தயக்கம் உண்டு. ஜெர்மானியர் எவர் தமிழ் கற்க வருவார் என்று கேட்பார்கள். ஹைடல்பெர்க் பல்கலைக்கழகத்தில் தமிழ் கற்பிக்கப்படுகிறது என்பது ஒருபுறம் இருக்கட்டும். நான் பரிந்துரைப்பது வேறொரு கூட்டத்தை. ஜெர்மனியிலும் சுவிட்சர்லாந்திலும் பிறந்து வளர்ந்த ஈழத்தமிழ்க் குடும்பத்து இளைஞர்கள் பலர் ஜெர்மன் மொழியைத் தாய்மொழி போலப் பேசுகிறார்கள். ஆனால் பாட்டியோடு தமிழில் தடையின்றிப் பேச முடியவில்லையே என்ற ஏக்கம் அவர்களில் பலருக்கு இருக்கிறது. அவர்களுக்கு உங்கள் தமிழ் தேவை, உங்களுக்கு அவர்கள் ஜெர்மன் தேவை. இப்படி அமைந்த இணைகள்தான் நெடுநாள் நீடித்ததை நான் பார்த்திருக்கிறேன். சுவிட்சர்லாந்தில் வளர்ந்தவர்கள் வீட்டுக்கு வெளியே பேசும் வட்டார வழக்கு தேர்வுக்குரிய பொது ஜெர்மனிலிருந்து மிகவும் வேறுபட்டது என்பதால், பொது மொழியில் பேசும்படி முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். அவர்கள் பள்ளியில் கற்றதும் எழுதுவதும் அதுதான் என்பதால் சிரமப்பட மாட்டார்கள்.

நேரக் கணக்கைச் சரியாகப் போட்டுக்கொள்ளுங்கள். ஜெர்மனி நமக்குக் குளிர்காலத்தில் நாலரை மணி நேரமும் கோடையில் மூன்றரை மணி நேரமும் பின்னால் இருக்கிறது. மார்ச் மாதக் கடைசி ஞாயிறன்றும் அக்டோபர் மாதக் கடைசி ஞாயிறன்றும் அங்கே கடிகாரத்தை மாற்றிவைக்கிறார்கள். அந்த இரண்டு வாரங்களில் யாரேனும் ஒருவர் ஒரு மணி நேரம் தனியே காத்திருந்து மனம் நொந்துபோவது எல்லாக் குழுக்களிலும் நடக்கிறது. ஞாயிறு மதியம் நமக்கு 2.30 என்றால் அங்கே காலை 10 அல்லது 11 மணி. எங்கள் குழு கூடுவது அந்த நேரத்தில்தான். ஜப்பான் நமக்கு மூன்றரை மணி நேரம் முன்னால் இருப்பதால் நம்முடைய மாலை 5.30 அவர்களுக்கு இரவு 9 மணி.

நுழையும் முறை

சேர்ந்த அன்றே எழுதத் தொடங்காமல் மூன்று நான்கு நாள்கள் கவனியுங்கள். குழுவின் விதிகளைப் படியுங்கள். தாய்மொழியில் பேச அனுமதி உண்டா, தவறுகளைத் திருத்துவது பொதுவிலா தனியாகவா, நிர்வாகிகள் விளம்பரங்களை நீக்குகிறார்களா என்று பாருங்கள். ஒரு தொடக்கநிலையாளர் தவறாக எழுதிய வாக்கியத்துக்கு என்ன நேர்கிறது என்பதை உற்றுப் பாருங்கள். யாரேனும் பொறுமையாகத் திருத்தியிருந்தால் அந்தக் குழுவில் தங்கலாம். சிரிப்புப் பொம்மைகள் மட்டும் வரிசையாக விழுந்திருந்தால் வெளியேறிவிடுங்கள். கவனிக்கும் காலம் ஒரு வாரத்தைத் தாண்டக் கூடாது. பத்து நாள் பார்வையாளராக இருந்தவர் பத்து மாதமும் பார்வையாளராகவே இருந்துவிடுகிறார்.

அறிமுகக் குறிப்பில் நான்கு செய்திகள் இருந்தால் போதும்: உங்கள் நிலை, நோக்கம், ஓய்வு நேரம், நீங்கள் தரக்கூடியது. எங்கள் குழுவுக்கு வந்த ஓர் அறிமுகம் இப்படி இருந்தது: “வணக்கம். நான் குமரி மாவட்டத்தில் இருக்கிறேன். ஏ2 முடித்துவிட்டு பி1 படிக்கிறேன். செவ்வாயும் வியாழனும் இரவு 9 மணிக்கு மேல் அரை மணி நேரம் பேச முடியும். மருத்துவமனைச் சொற்களில் உதவுவேன். என் உச்சரிப்பைத் திருத்த ஒருவர் வேண்டும்.” அன்று மாலைக்குள் இருவர் மறுமொழி தந்தார்கள். “எனக்கு ஜெர்மன் பேச ஆசை, யாராவது உதவுங்கள்” என்று எழுதுகிறவர்களுக்குப் பெரும்பாலும் பதில் வருவதில்லை. அந்த வேண்டுகோளை யார், எப்போது, எப்படி நிறைவேற்றுவது என்று வாசிப்பவருக்கு விளங்காமல் போவதே அதற்குக் காரணம். குறிப்பை முதலில் தமிழில் எழுதிச் சரிபார்த்துக்கொண்டு, பிறகு கற்கும் மொழியில் உங்களுக்குத் தெரிந்த எளிய சொற்களிலேயே எழுதுங்கள். மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டு எடுத்த செம்மையான பத்தியை இட்டால் உங்களை சி1 நிலையினர் என்று நினைத்துவிடுவார்கள்.

மரியாதைச் சொல் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும். ஜெர்மனில் ‘டூ’ என்பது நம் ‘நீ’, ‘ஸீ’ என்பது நம் ‘நீங்கள்’. இணையக் குழுக்களில் அறுபது வயதுக்காரரையும் ‘டூ’ என்றே அழைப்பார்கள். நம் காதுக்கு அது கூச்சமாக இருக்கும். எங்கள் குழுவில் மூத்தவரை ‘அண்ணன்’ என்று விளித்துவிட்டு அதே மூச்சில் ‘டூ’ என்று தொடர்வதற்குப் பிள்ளைகளுக்கு இரண்டு மாதம் பிடித்தது. குழுவில் ‘டூ’ சொல்லிப் பழகுவதில் தவறில்லை, ஆனால் நோயாளியிடமும் மேலதிகாரியிடமும் ‘ஸீ’ சொல்ல வேண்டியிருப்பதால் வாரம் ஒரு முறையாவது ‘ஸீ’ கொண்டு பேசும் உரையாடல் ஒன்றை நடத்துங்கள்.

கூடிப் பேசும் நேரம்

பெரிய குழுவில் சேர்ந்த ஒரு மாதத்துக்குள் அதிலிருந்து மூன்று அல்லது நான்கு பேரைத் தேர்ந்து உங்களுக்கென ஒரு சிறு வட்டத்தை அமைத்துக்கொள்ளுங்கள். ஒரு அமர்வுக்கு 45 நிமிடம் போதும். ஐந்து பேருக்கு மேல் போனால் ஒருவருக்குப் பேசக் கிடைக்கும் நேரம் ஒன்பது நிமிடத்துக்கும் கீழே இறங்கிவிடுகிறது, நாணமுள்ளவர்கள் அந்த நேரத்தையும் மற்றவர்களுக்கு விட்டுக்கொடுத்துவிடுகிறார்கள்.

தலைப்பு இல்லாமல் கூடாதீர்கள். “எப்படி இருக்கிறீர்கள், நன்றாக இருக்கிறேன்” என்பதோடு பேச்சு நின்று, பிறகு அமர்வு முழுவதும் தமிழிலேயே போய்விடும். தலைப்பு உங்களுக்கு நன்றாகத் தெரிந்ததாக இருக்கட்டும், ஏனெனில் கருத்தைத் தேடுவதில் செலவாகும் முயற்சி மிச்சமானால் அது மொழிக்குப் பயன்படும். எங்கள் வட்டத்தில் தோவாளைப் பூச்சந்தை, மாத்தூர் தொட்டிப்பாலம், ரப்பர் பால் வெட்டு, வீட்டு மீன்குழம்பு என்று ஊர்ச் செய்திகளையே எடுத்துக்கொள்கிறோம். அருமனைப் பக்கத்தில் விடியுமுன்னே பால் வெட்டப் போகும் ஒரு தம்பி, குளிர்ந்த வேளையில்தான் பால் நன்றாக ஒழுகும் என்பதை ஏ2 நிலைச் சொற்களை மட்டும் கொண்டு பத்து நிமிடம் விளக்கினார். எதிரில் இருந்த சுவிட்சர்லாந்துப் பெண் அடுக்கடுக்காகக் கேள்வி கேட்டார். அந்தப் பத்து நிமிடம் அவருக்கு ஒரு மாத வகுப்புக்குச் சமம் என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

ஓர் அமர்வைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். அன்றைய தலைப்பு கன்னியாகுமரித் திருவள்ளுவர் சிலை. பேச வேண்டியவள் பி1 தேர்வின் சிற்றுரைக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்தாள். 2000 ஜனவரி 1 அன்று திறக்கப்பட்ட அந்தச் சிலையும் பீடமும் சேர்ந்து 133 அடி, பீடம் மட்டும் 38 அடி, சிலை 95 அடி, அவை திருக்குறளின் 133 அதிகாரங்களையும் அறத்துப்பாலின் 38 அதிகாரங்களையும் பொருட்பால், காமத்துப்பால் இரண்டின் 95 அதிகாரங்களையும் குறிக்கின்றன என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். ஆனால் எண் வந்த இடமெல்லாம் நாக்கு தடுக்கிற்று. ஜெர்மனில் 38 என்பதை ‘எட்டும் முப்பதும்’ என்றும் 95 என்பதை ‘ஐந்தும் தொண்ணூறும்’ என்றும் சொல்ல வேண்டும். 133 என்பது ‘நூற்று மூன்றும் முப்பதும்’. அவள் 38 அடியை 83 என்று சொல்லிவிட்டாள். யாரும் குறுக்கிடவில்லை. அவள் முடித்த பிறகு ஒருவர், “பீடம் சிலையளவு உயர்ந்துவிட்டதே, அக்கா” என்றார். எல்லோரும் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள். பிறகு அந்த மூன்று எண்களையும் ஒவ்வொருவரும் மூன்று முறை சொன்னோம். மருந்தின் அளவைச் சொல்லும் வேலைக்குப் போகிறவளுக்கு எண் பிசகக் கூடாது என்பது எங்கள் எல்லோருக்கும் அன்று நெஞ்சில் பதிந்தது.

உச்சரிப்பில் நம்மவர்களுக்கு வரும் ஒரு சிக்கலுக்குக் காரணம் நம் குறிப்பேடுதான். தமிழில் ‘ப’ என்ற ஒரே எழுத்து இரண்டு ஒலிகளுக்கு நிற்கிறது. ‘பந்து’ என்பதன் முதல் ஒலியும் ‘கம்பு’ என்பதன் இறுதி எழுத்தின் ஒலியும் வேறு என்றாலும் எழுத்து ஒன்றே. ஜெர்மனில் மூட்டை கட்டுவதற்கு ஒரு சொல், அடுமனையில் சுடுவதற்கு ஒரு சொல். இரண்டுக்கும் வேறுபாடு முதல் ஒலியில் மட்டுமே உள்ளது, தமிழில் எழுதினால் இரண்டும் ‘பக்கன்’ தான். ஆகவே அயல்மொழிச் சொற்களின் ஒலிப்பைத் தமிழ் எழுத்தில் குறித்துவைப்பதை முதல் நாளே நிறுத்திவிடுங்கள். விளவங்கோட்டுப் பக்கத்தில் மலையாள எழுத்து வாசிக்கத் தெரிந்தவர்களுக்கு ஒரு வாய்ப்பு இருக்கிறது. அந்த எழுத்துமுறையில் வல்லின ஒலிக்கும் அதன் அதிரும் ஒலிக்கும் தனித்தனி எழுத்துகள் உள்ளதால் குறிப்பெடுக்க அதைப் பயன்படுத்தலாம். மற்றவர்கள் தாய்மொழியாளரின் குரலில் அந்தச் சொல்லைப் பதிவுசெய்து கேட்பதே நல்லது.

நமக்குச் சாதகமானவையும் உண்டு, அவற்றைக் குழுவில் ஒருவருக்கொருவர் நினைவூட்டிக்கொள்ளுங்கள். ஆங்கிலம் பேசுகிறவர்களை அலைக்கழிக்கும் ஒன்று, ஜெர்மனில் ‘ஏனெனில்’ என்று பொருள்படும் ‘வைல்’ என்ற சொல் வந்தால் வினை வாக்கியத்தின் கடைசிக்குப் போய்விடுவது. ‘வைல் இஹ் கிராங்க் பின்’ என்பதைச் சொல்லுக்குச் சொல் தமிழாக்கினால் ‘ஏனெனில் நான் நோயுற்று இருக்கிறேன்’ என்று வருகிறது. வரிசை நம் வரிசையே. ஜப்பானிய மொழியிலோ வினை வாக்கியத்தின் கடைசியில்தான் வரும், வேற்றுமை உருபுகளும் பெயருக்குப் பின்னாலேயே வரும். ‘கக்கோ நி இகிமாசு’ என்பது ‘பள்ளி-க்குச் செல்கிறேன்’ என்பதே. இந்த வாக்கியங்களை ஆங்கிலத்தின் வழியே சிந்திக்காமல் தமிழிலிருந்தே கட்டிப் பழகுகிறவர்கள் விரைவாக முன்னேறுவதை நான் பார்த்துவருகிறேன்.

மலையாளத்தைப் பேச்சளவில் அறிந்து இப்போது முறையாகக் கற்க விரும்புவோரும் இத்தகைய குழுக்களில் சேர்கிறார்கள். அவர்களுக்கு இடர் தருபவை, ஒரே வடிவில் வேறு பொருள் தரும் சொற்கள்தான். அங்கே ‘அவசரம்’ என்றால் வாய்ப்பு, ‘சம்சாரம்’ என்றால் பேச்சு. ‘வெள்ளம்’ என்றால் குடிக்கும் தண்ணீர் என்பது மட்டும் குமரியில் வளர்ந்தவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

திருத்துவதும் திருத்தப்படுவதும்

குழுவின் உயிர் திருத்தத்தில் இருக்கிறது, அது முறிவதும் திருத்தத்தில்தான். பேசிக்கொண்டிருப்பவரை இடைமறிக்கக் கூடாது. கேட்பவர்களில் ஒருவர் தவறுகளைக் குறித்துவைத்துக்கொண்டு இறுதியில் மூன்றை மட்டும் சொல்ல வேண்டும். பத்துத் தவறைக் கேட்டவர் ஒன்றையும் நினைவில் கொள்ள மாட்டார். எந்த மூன்றைத் தேர்வது என்றால், பொருளை மாற்றிய தவறு முதலில், அந்த அமர்வில் திரும்பத் திரும்ப வந்த தவறு அடுத்து. தவறை எடுத்துச் சொல்வதோடு நில்லாமல் சரியான வாக்கியத்தை முழுமையாகச் சொல்லி, அவரை அதே வாக்கியத்தைத் திரும்பச் சொல்லவையுங்கள்.

நம் ஊரில் இதற்கு ஒரு தடை உண்டு. வயதில் மூத்தவரையோ ஆசிரியராக இருப்பவரையோ இளையவர் திருத்துவது மரியாதைக் குறைவு என்று நினைக்கிறோம். எங்கள் வட்டத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். முதல் சில வாரங்கள் அவர் செய்த பிழைகளை யாரும் சொல்லவில்லை, அவரும் திருந்தவில்லை. பிறகு ‘குறிப்பெடுப்பவர்’ என்ற பொறுப்பை வாரம் ஒருவருக்கு என்று சுழற்சியில் வைத்தோம். திருத்துவது அந்த வாரக் கடமை என்றானதும் இளையவர்களின் கூச்சம் அகன்றது. “சொல்லு மக்கா, எங்கே பிழைத்தேன்?” என்று அவரே கேட்கத் தொடங்கினார்.

எச்சரிக்கையாக இருக்க வேண்டியவை

வெளிநாட்டு வேலைக்கு ஏங்குகிறவர்கள் கூடும் இடம் என்பதால் மொழிக் குழுக்களைத் தேடி ஏமாற்றுக்காரர்களும் வருகிறார்கள். நான் சேர்ந்த முதல் குழுவிலேயே, எல்லோருக்கும் இலக்கண ஐயம் தீர்த்துவந்த ஒருவர் இரண்டு மாதம் நம்பிக்கையை வளர்த்துவிட்டு, வேலை வாங்கித் தருவதாகச் சொல்லி என் தோழியிடம் கடவுச்சீட்டின் நகலையும் ‘பதிவுக் கட்டணம்’ என்று ஒரு தொகையையும் வாங்கிக்கொண்டார். பின்னர் அந்தக் கணக்கே மறைந்துவிட்டது. அவள் நகையை அடகு வைத்துக் கட்டிய பணம் அது. அந்தத் துயரத்தை அருகிலிருந்து கண்டதால் அழுத்தமாகச் சொல்கிறேன்: மொழிக் குழுவில் கடவுச்சீட்டு, சான்றிதழ், ஆதார், ஓடிபி எதையும் யாருக்கும் அனுப்பாதீர்கள். வேலைவாய்ப்பு முகவர் எவராயினும், இந்திய அரசின் இ-மைகிரேட் தளத்தில் பதிவு பெற்றவரா என்று பார்த்துவிட்டே பேசுங்கள். தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமும் இருக்கிறது, அங்கே நேராக விசாரிக்கலாம். பணம் பறிபோனால் சிறிதும் தாமதிக்காமல் 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணை அழையுங்கள்.

பெண்களுக்கு இன்னொன்றும் சொல்ல விரும்புகிறேன். பேச்சுப் பயிற்சிக்கு முகம் காட்ட வேண்டிய தேவையில்லை. படத்தை அணைத்துவைப்பது உங்கள் உரிமை, அதற்கு விளக்கம் சொல்லவும் வேண்டியதில்லை. முதல் வாரத்திலேயே தனி உரையாடலுக்கு வரும்படி வற்புறுத்துகிறவரைப் பற்றி நிர்வாகியிடம் தெரிவியுங்கள். நிர்வாகி பொருட்படுத்தாவிட்டால் அந்தக் குழுவை விட்டு விலகிவிடுங்கள். பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளைகள் சேர்வதாக இருந்தால் வீட்டில் ஒருவர் உடனிருந்து செயலியின் வயது விதியைப் படித்துவிட்டுச் சேர்க்க வேண்டும், கூடத்தில் அமர்ந்து பேசுவதையே வழக்கமாக்க வேண்டும்.

தொடர்ந்து செல்ல

மூன்றாம் மாதத்தில் பெரும்பாலான வட்டங்கள் தளர்கின்றன. தொடக்கத்தின் ஆர்வம் வடிந்திருக்கும், முன்னேற்றம் கண்ணுக்குத் தெரியாது. நம் மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு என்பதால் ஜூனிலும் அக்டோபரிலும் மின்தடை அமர்வுகளைக் கலைக்கும். இதற்கு நாங்கள் கண்ட வழி, மின்சாரம் போனாலும் குரல் பதிவாக இரண்டு நிமிடம் பேசி, இணைப்பு வந்ததும் அனுப்பிவிட வேண்டும் என்ற விதிதான். அமர்வு தவறினாலும் அந்த வாரம் வாய் பேசியிருக்கும்.

முன்னேற்றத்தைக் காதால் கேட்க, மாதம் ஒரு முறை ஒரே தலைப்பில் இரண்டு நிமிடம் பேசிப் பதிவுசெய்துவையுங்கள். மற்றவர் குரலும் பதிவாகும் என்றால் அனைவரின் ஒப்புதலையும் பெற்றுக்கொள்ளுங்கள். நான்காம் மாதப் பதிவையும் முதல் மாதப் பதிவையும் அடுத்தடுத்துக் கேட்டபோது, இடையில் விழும் மௌனங்கள் குறைந்திருந்ததைக் கேட்டு அந்த அருமனைத் தம்பி மறுபடியும் மறுபடியும் ஓடவிட்டுக் கேட்டார்.

ஒரு குழுவில் தொடர்ந்து நான்கு வாரம் நீங்கள் பேசவில்லை என்றால், தவறு உங்களுடையதோ குழுவினுடையதோ, வேறு குழுவைத் தேடுங்கள். ஒரே நேரத்தில் இரண்டு குழுக்களுக்கு மேல் இருக்காதீர்கள். ஏற்ற குழு எதுவும் அமையவில்லை என்றால், உங்கள் வகுப்பில் உள்ள இருவரைச் சேர்த்துக்கொண்டு மூவராகத் தொடங்கிவிடலாம். தாய்மொழியாளர் ஒருவர் மாதம் ஒரு முறை வந்தாலே தவறுகள் இறுகாமல் பார்த்துக்கொள்ளலாம்.

தேர்வு முடிந்து நீங்கள் விலகும் நாள் வரும்போது சொல்லாமல் போய்விடாதீர்கள். உங்களுக்காகக் காத்திருக்கும் நேரம் ஒன்று அங்கே இருக்கிறது. இரண்டு வாரம் முன்பே அறிவித்து, புதியவர் ஒருவரை அழைத்துவந்து, ஓர் அமர்வில் அவரோடு உடன் அமர்ந்து, குறிப்பெடுக்கும் முறையைக் காட்டிக்கொடுத்துவிட்டு உங்கள் ஞாயிறு 2.30ஐ அவரிடம் ஒப்படையுங்கள்.